ஆச்சி வராத காதுகுத்து

இது என் மடியிலேயே இருக்கட்டும்க்கா. மேல வெச்சா பிரேக் போடும்போதெல்லாம் உருண்டு யார் தலையிலாவது விழும். இல்லை, குடைக்கம்பி இல்லை. கேமரா நிறுத்துற ஸ்டாண்டு. கேமரா இந்தப் பைக்குள்ள இருக்கு. மலைக்கு மேல சாஸ்தா கோவில்ல ஒரு காதுகுத்து. அதை எடுத்துட்டுத் திரும்புறேன்.

ஆமா, நான்தான் எடுத்தேன். தனியாத்தான். ஏன், பொம்பளைப் பிள்ளை எடுக்கக் கூடாதா? சும்மா கேட்டேன், தப்பா நினைக்காதீங்க. காலையில இருந்து எல்லாரும் அதையே கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. "உன் மாப்பிள்ளை எங்கம்மா, அவரு எடுக்க மாட்டாரா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. கேமரா என்னமோ மாப்பிள்ளைகூடச் சேர்ந்து வர்ற சீதனம் மாதிரி.

நான் இப்படி யார்கிட்டயும் பேசுறவ இல்லைக்கா. வீட்டுக்கு விருந்தாளி வந்தா அடுப்படிக்குள்ள போய் நின்னுக்குவேன். காலேஜ்ல வைவா பரீட்சை அன்னைக்குக் காய்ச்சல் வந்துடும். தெரியாதவங்ககிட்ட பேசுறது மட்டும் ஒரு வகையில சுலபமா இருக்கு. நீங்க சேரன்மகாதேவியில இறங்கிப் போயிடுவீங்க. அதுக்கப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ.

இந்த மெசேஜைக் கொஞ்சம் படிங்களேன். கண்ணாடி கொண்டு வரலையா? சரி, நானே படிக்கிறேன். "அந்த ஆச்சி வராததுக்கு நீதான் காரணம் முப்பிடாதி. இன்னமுமா உனக்குப் புரியலை?" பஸ் ஏறும்போது வந்துச்சு. முப்பிடாதி நான்தான். அனுப்பினது ரஹ்மத். என்கூடக் காலேஜ்ல படிச்சவ, ஒரு வருஷமா என்கூட வேலை பாத்தவ.

விஷயம் இவ்வளவுதான். இன்னைக்குக் காது குத்தின குழந்தையோட அப்பாவைப் பெத்த ஆச்சி கோவிலுக்கு வரலை. ஒரே பேத்தி. அவங்க வரணுங்கறதுக்காக நான் படாத பாடு பட்டிருக்கேன். கடைசியில நான்தான் காரணமாம். நீங்க முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் என்ன பண்ணினேன்னு.

படிப்பு முடிஞ்சு வேலை கிடைக்காம இருந்தப்போ நானும் ரஹ்மத்தும் ஒரு தொடர் எடுக்கலாம்னு ஆரம்பிச்சோம். 'வேலைக்குப் போனவள்'னு பேரு. யூடியூப்லதான். நம்ம பக்கத்து ஊர்கள்ல வேலை பாத்து ஓய்வு பெற்ற பெண்கள் இருக்காங்கல்ல, நர்ஸ், டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவங்க, ஆஸ்பத்திரி ஆயா, அவங்களை வீட்டுல போய்ப் பாத்துப் பேச வெச்சு எடுக்கிறது. ரஹ்மத் கேள்வி கேப்பா. அவ வாய்க்குப் பூட்டே கிடையாது. நான் கேமரா. கேமராவுக்குப் பின்னால நின்னா என்னை யாரும் பாக்க மாட்டாங்க. நான் மட்டும் எல்லாரையும் பாக்கலாம். எனக்கு அது போதும்.

சும்மா இல்லைக்கா, பெரிய படிப்பு அது. எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தர மாட்டாங்க. முதல்ல ஃபேனை நிறுத்தணும், சத்தம் வரும். நிறுத்தினா வேர்க்கும், பூசின பவுடர் வழியும். அடுத்தது ஃபிரிட்ஜு. அது உறுமுறது நமக்குக் கேக்காது, மைக்குக்குக் கேக்கும். ஒரு வீட்டுல நிறுத்தினதைத் திரும்பப் போட மறந்துட்டு வந்துட்டோம். மறுநாள் அந்த டீச்சரம்மா போன் பண்ணி, "அரைச்சு வெச்ச மாவெல்லாம் பொங்கி வழிஞ்சு தரையெல்லாம் ஓடுது, அதையும் வந்து படம் எடு மூதி"ன்னு வெச்சு வாங்கிட்டாங்க.

அப்புறம் ஆம்பளைங்க. பொம்பளையப் பேச வெக்கலாம்னு போனா, பக்கத்துல நாற்காலியைப் போட்டு அவரு உக்காந்துடுவாரு. "எந்த வருஷம்மா வேலைக்குச் சேந்தீங்க"ன்னு கேட்டா அவரு பதில் சொல்லுவாரு. அந்தம்மா அவர் முகத்தைப் பாத்துத் தலையாட்டும். அதுக்கு நான்தான் வழி கண்டுபிடிச்சேன். ஒரு தெர்மாகோல் அட்டையை அவர் கையில குடுத்து, "சார், இதை ஜன்னலுக்கு வெளியில நின்னு பிடிச்சாத்தான் அம்மா முகத்துல வெளிச்சம் வரும்"னு சொல்லிடுவேன். சந்தோஷமாப் போய் நிப்பாங்க. கை வலிக்கும், அசைய மாட்டாங்க. ஏதோ ஒரு பொறுப்பு குடுத்துட்டா அவங்க வாயைத் திறக்கிறதில்லை. அந்த அட்டையால வெளிச்சம் வந்துச்சோ இல்லையோ, பேச்சு வந்துச்சு.

இதெல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. கேமராவுல பதிவாகிக்கிட்டு இருந்தா ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அவங்க கண்ணு அது மேலயே இருக்கும். அது எரியுற வரைக்கும் பட்டுச்சேலை கட்டின பொம்மை மாதிரி உக்காந்து, "என் பணியைச் சிறப்பாகச் செய்தேன்"னு மேடையில பேசுற மாதிரிப் பேசுவாங்க. அணைஞ்சதும்தான் மனுஷியாவாங்க. காலை நீட்டிக்கிட்டு, தண்ணியைக் குடிச்சிட்டு, அப்பத்தான் உண்மையான பேச்சு வரும். அதனால நான் என்ன பண்ணினேன்னா, அந்த விளக்கு மேல கறுப்பு டேப் ஒட்டிட்டேன். கேள்வியெல்லாம் தீந்ததும், "முடிஞ்சதும்மா, ரொம்ப நன்றி"ன்னு சொல்லுவேன். கேமரா பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். நான் வயரைச் சுத்துற மாதிரிக் குனிஞ்சுக்குவேன். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவங்களாத்தான் பேசுவாங்க.

கூச்சப்படுறவங்களுக்கு அது ஒரு உதவிதானேக்கா? எனக்குக் கூச்சம்னா என்னன்னு தெரியும். போன வருஷம் எங்க சித்தி மகள் கல்யாணப் பந்தியில நான் சாப்பிடுறதை எனக்குத் தெரியாம ஒருத்தன் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டான். அப்பளத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். வீட்டை விட்டு வெளியில வர முடியலை, அவ்வளவு அழுதேன். சிலருக்கு இங்கிதமே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வடிவம்மா. அந்த ஆச்சிதான். முழுப் பேரு சங்கரவடிவு. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்சவங்க. ஓய்வு பெற்று ஒத்தையில இருக்காங்க. வீரவநல்லூர்ல இறங்கி வாய்க்கால் ஓரமாக் கொஞ்சம் உள்ள நடக்கணும். வீட்டுக்காரர் முன்னாலேயே தவறிட்டாரு. ஒரே மகன், ஆவுடையப்பன்னு பேரு, பாளையங்கோட்டையில பைப் கடை வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமையானா மகளைக் கூட்டிட்டு ஆச்சி வீட்டுக்கு வந்துடுவாரு. மகின்னு கூப்பிடுவாங்க, மூணு வயசு இருக்கும். நாங்க போன அன்னைக்குக்கூட அந்தக் குழந்தையோட செருப்பு ஒண்ணு கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. நான் அதையும் எடுத்தேன். அதையெல்லாம் நான் விட மாட்டேன்.

வைகாசி மாசம் அது. ரஹ்மத் கேட்ட கேள்விக்கெல்லாம் வடிவம்மா ஒரு வரியில பதில் சொன்னாங்க. "பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டேன். வேற என்னத்தச் சொல்ல?" எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்புன்னு எல்லாம் சொன்னாங்க. உப்புச்சப்பில்லாத பேட்டி. ரஹ்மத் என்னைப் பாத்து உதட்டைப் பிதுக்கிட்டு, கை கழுவக் கொல்லைப்பக்கம் போனா. நான், "முடிஞ்சதும்மா"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு வயரைச் சுத்தினேன்.

அவங்க பெருமூச்சு விட்டுட்டுச் சுவத்துல சாஞ்சாங்க. "ஏட்டி, உனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு தலையாட்டினேன்.  வயரைச் சுத்திக்கிட்டே இருந்தேன். அப்புறம் அவங்களாச் சொன்னாங்க.

"அவுக செத்த அன்னைக்குத்தான்ட்டி நான் நல்லா உறங்கினேன். வீடு நிறையச் சனம். எல்லாரும் அழுதாக. எனக்குன்னா உறக்கமா வருது. உள்ள இருட்டாக் கிடக்க அரங்கு வீட்டுக்குள்ள போயிச் சாக்கை விரிச்சுப் படுத்தேன் பாரு, விடியற வரைக்கும் அசையலை. பள்ளிக்கூடத்துல பொங்கிட்டு வந்து வீட்டுல பொங்கணும். அவுக எந்நேரம் வந்தாலும் சுடுசோறு வேணும். ஆறின சோத்தைத் தொட மாட்டாக, தட்டு பறக்கும். படுத்தவளை எழுப்பிருவாக. அன்னைக்குத்தான் என்னை எழுப்ப ஆளில்லை."

சொல்லிட்டுச் சிரிச்சாங்கக்கா. சின்னப் பிள்ளை மாதிரி. ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்துல விழுந்துச்சு.  ஒரு வருஷமா இதுக்குத்தானே அலைஞ்சோம்னு தோணுச்சு. ரஹ்மத் உள்ள வந்ததும், "காப்பி போடட்டாட்டி பிள்ளைகளா?"ன்னு எந்திரிச்சுட்டாங்க.

நான் அந்தப் பேச்சை வீடியோவோட ஆரம்பத்துலயே கொண்டு வந்து வெச்சேன். அரிசி பருப்பையெல்லாம் வெட்டிட்டேன். தலைப்பு 'கணவர் இறந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்'. நிம்மதிங்கற சொல்லை அவங்க சொல்லலைதான். ஆனா அதுதானே அர்த்தம்? எங்களோட மத்த வீடியோவையெல்லாம் எங்க சொந்தக்காரங்க மட்டும்தான் பாத்தாங்க, அதுவும் பாதிதான். இதை ஊரே பாத்துச்சு. எத்தனையோ பெண்கள் "எங்க அம்மாவும் இப்படித்தான்"னு எழுதினாங்க. திட்டினவங்களும் இருக்காங்க. அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

ரஹ்மத் அன்னைக்கே சண்டைக்கு வந்துட்டா. "இதை எப்ப எடுத்த? நான் கொல்லையில இருந்தப்பவா? அவங்களுக்குத் தெரியுமாட்டி, கேமரா ஓடுறது?"ன்னு கேட்டா. ஆரம்பத்துலயே படம் எடுக்கலாமான்னு கேட்டோம்ல, சரின்னு தலையாட்டினாங்கல்ல, நடுவுல நடுவுல கேக்கணுமான்னு நான் கேட்டேன். "அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துரு"ன்னா. அதை வெட்டினா மிச்சம் என்ன இருக்கு, அரிசியும் பருப்பும்தான். இத்தனை நாளா அவ பேசினா, நான் சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்து எடுத்தது ஜெயிச்சதும் அவளுக்குப் பொறுக்கலைன்னு எனக்குத் தோணுச்சு. அப்படிச் சொல்லவும் செஞ்சேன். அதுக்கப்புறம் அவ ஷூட்டிங்குக்கு வர்றதை நிறுத்திட்டா.

கடலை வேண்டாம்க்கா, நீங்க சாப்பிடுங்க. எனக்குத் தொண்டை சரியில்லை.

வடிவம்மாவோட சொக்காரங்க, அதான் பங்காளிங்க, வாட்ஸப் குரூப்புல யாரோ இதைப் போட்டுவிட, மகன் பாத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை வர்றதை நிறுத்திட்டாரு. குழந்தையை அனுப்பலை. போன் பண்ணினா எடுக்கலை. "ஊர்ல எவன் மூஞ்சியில நான் முழிக்க? எங்க அப்பா பேரைச் சந்தி சிரிக்க வெச்சுட்டு, அவ பேத்தி காதுகுத்துக்கு வந்து நடுவுல உக்காருவாளோ? வரவே கூடாது"ன்னு சொல்லிட்டாராம். ஆவணியில காதுகுத்துன்னு முன்னாலேயே குறிச்சிருந்தாங்க. வடிவம்மா அதுக்குப் பட்டுப் பாவாடையெல்லாம் எடுத்து வெச்சிருந்தாங்க.

ஒரு நாள் எங்க வீட்டுக்கே வந்துட்டாரு அவரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டேன். எங்க அம்மா நடுங்கிட்டாங்க. "வீடியோவை யூடியூப்ல இருந்து எடுத்துடச் சொல்லுதேன் தம்பி"ன்னு அம்மா சொன்னாங்க. அதுக்கு அவரு, "எடுத்துட்டா மட்டும்? பாத்தவன் கண்ணைப் புடுங்கவா முடியும்? உங்க மக வந்து இன்னொண்ணு எடுக்கணும். அதுல எங்கம்மா நான் அப்படிச் சொல்லலைன்னு சொல்லணும். எங்க அப்பாவைப் பத்தி நல்ல விதமாப் பேசணும். அதைப் போட்டாத்தான் அவ கோவிலுக்கு வரலாம்"ன்னாரு.

எனக்கு உயிர் வந்துச்சு. எடுக்கிறதுதானே? அது எனக்குத் தெரியுமே. எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்னு கதவுக்குப் பின்னால இருந்தே, "சரிண்ணே"ன்னு சொன்னேன்.

நான் எடுக்கப் போனப்போ வடிவம்மா வீட்டுல எல்லாம் தயாரா இருந்துச்சு. மகன் தன் அப்பா படத்துக்குச் சீரியல் பல்பு மாலை போட்டு, அம்மாவுக்குப் பின்னால ஆணியடிச்சு மாட்டி வெச்சிருந்தாரு. படத்துக் கண்ணாடியில ஜன்னல் தெரிஞ்சுச்சு. கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். வடிவம்மா மெலிஞ்சிருந்தாங்க. என்னைப் பாத்து வான்னு மட்டும் சொன்னாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனேன். திட்டவே இல்லை. மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைன்னு எனக்கு ஆறுதலா இருந்துச்சு.

"சொல்லும்மா"ன்னாரு மகன்.

"எங்க வீட்டுக்காரவுக தங்கமானவுக. எனக்கு ஒரு குறையும் வெக்கலை."

"பாடம் ஒப்பிக்கிற மாதிரில்லா இருக்கு. இன்னொருக்கச் சொல்லு."

சொன்னாங்க. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிச்சுடுச்சு. திரும்பச் சொன்னாங்க. கண்ணுல தண்ணியே வரலைன்னாரு அவரு. "யப்பா, தண்ணி வரணும்னா வெங்காயத்தை உரிக்கச் சொல்லு, பழக்கமான சோலிதான்"ன்னாங்க வடிவம்மா. அவருக்கு முகம் சிவந்துடுச்சு. "உனக்குக் கேலியா இருக்கா? மகியப் பாக்கணுமா வேண்டாமா?"

அதுக்கப்புறம் அவங்க கேலி பேசலை. இப்படியே போனா விடிஞ்சிடும்னு நான் அவர் கையில தெர்மாகோலைக் குடுத்து வெளியில நிறுத்தினேன். வடிவம்மாகிட்ட மெதுவாச் சொன்னேன். "நல்லவருன்னு சொல்லாதீங்கம்மா. அவர் என்ன பண்ணுவாரு, அவருக்கு என்ன பிடிக்கும், அதைச் சொல்லுங்க. சொல்லிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க. அது போதும்." இது நான் அனுபவத்துல கத்துக்கிட்டதுக்கா. புகழ்ந்தா பொய்யாத் தெரியும்.

அவங்க என்னையே பாத்தாங்க. ரொம்ப நேரம். அப்புறம் சொன்னாங்க.

"அவுகளுக்குச் சுடுசோறுதான் பிடிக்கும். எந்நேரம் வந்தாலும் சுடுசோறு கேப்பாக. நான் எந்திரிச்சுப் பொங்கிப் போடுவேன். ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்லை."

அவ்வளவுதான். சும்மா இருந்தாங்க. கண்ணுல இருந்து தானா வழிஞ்சுச்சு. துடைக்கக்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியில அட்டையைப் பிடிச்சுக்கிட்டு மகன் தேம்பித் தேம்பி அழுறாரு. "இது போதும்மா, இது போதும்"கிறாரு. எனக்கும் கலங்கிடுச்சு. பாருங்க, அதே சுடுசோறுதான். அன்னைக்கு ஒரு மாதிரி சொன்னாங்க, இன்னைக்கு மனசாரச் சொன்னாங்க. எப்படிச் சொல்ல வெக்கிறோங்கறதுலதான் எல்லாம் இருக்கு. மனுஷங்களுக்குள்ள இருக்கிற அன்பை வெளியில கொண்டு வர ஒரு ஆள் வேண்டியிருக்குன்னு எனக்குத் தோணுச்சு. இதை ரஹ்மத்கிட்டச் சொன்னப்போ அவ என்னைப் பைத்தியத்தைப் பாக்கிற மாதிரிப் பாத்தா.

"முடிஞ்சதும்மா"ன்னேன்.

அவங்க எந்திரிக்கலை. "நெசமாவே முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டும்மா."

"அதைக் கழட்டிப் பைக்குள்ள வை. ஜிப்பைப் போடு. பொறவு நான் எந்திரிக்கேன்."

வெச்சேன். ஜிப்பை இழுத்து மூடினதுக்கப்புறம்தான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க. வயசானவங்க பாருங்க, இடுப்புப் பிடிச்சிருக்கும். காப்பி போடுவாங்கன்னு நினைச்சேன். உள்ள போனவங்க வரவே இல்லை. அலுப்பு போல.

பழைய வீடியோவை அழிச்சுட்டேன், புதுசைப் போட்டேன். அதை யாரும் பெருசாப் பாக்கலை. பாக்க வேண்டியவங்க பாத்தாங்க, போதாதா? மறு ஞாயிறே மகன் குழந்தையை ஆச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. வடிவம்மா கோவிலுக்கு வர்றதா முடிவாச்சு. எல்லாம் என் கண்ணு முன்னால சரியாச்சுக்கா. அவருக்கு என் மேல எவ்வளவு மரியாதைன்னா, "காதுகுத்தையும் நீயே எடும்மா. எங்க அம்மாவை நீதான் நல்லா எடுக்கே"ன்னு கூப்பிட்டாரு. இத்தனை நாள் நாங்க எடுத்ததுக்கு ஒருத்தர் கூட இப்படிச் சொன்னதில்லை. விசேஷ வீட்டுக்கெல்லாம் எடுக்கக் கூடாதுன்னு இருந்தவ, இதுக்கு ஒத்துக்கிட்டேன். ஆச்சியும் பேத்தியும் சேர்ந்து இருக்கிறதைப் பாக்கணும்னு ஆசை. அதோட தொடரை முடிச்சுடலாம்னு நினைச்சேன்.

இன்னைக்குக் காலையில கோவில்ல எல்லாம் தயார். குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாச்சு. தாய்மாமன் மடியில உக்கார வெச்சாச்சு. ஆசாரி தங்கக் கம்பியோட வந்து நிக்கிறாரு. ஆச்சியைக் காணோம். வீட்டு வாசலுக்குக் காரே அனுப்பியிருந்தாரு மகன். கார்ல பட்டுப் பாவாடை மட்டும் வந்து இறங்குச்சு, ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தோட. அவரு போன் போட்டாரு. அங்க சிக்னல் சரியாக் கிடைக்காதுன்னு ஸ்பீக்கர்ல போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

"என்னம்மா, வாரேன்னு சொன்னேல்லா? நல்ல நேரம் போகுதும்மா."

"கிளம்பிட்டுத்தான் இருந்தேன் ஐயா. சேலையெல்லாம் உடுத்திட்டேன். கார்க்காரத் தம்பிதான் சொன்னான், படம் எடுக்காகன்னு. யாரு எடுக்கா?"

"அந்த முப்பிடாதிதான். உன்னைய எடுத்துச்சே, அந்தப் பொண்ணு."

 சிக்னல் போயிடுச்சோன்னு அவரு போனைத் தூக்கித் தூக்கிப் பாத்தாரு.

"எனக்கு ஒரு மாதிரியா வருது ஐயா. நீங்க நடத்துங்க. பிள்ளைக்கு வலிக்காம குத்தச் சொல்லு."

வெச்சுட்டாங்க. மகனுக்குத் திரும்பக் கோபம் வந்துடுச்சு. "பேசச் சொன்னதுல வீம்பு. சாஸ்தா சந்நிதியிலயும் அவளுக்கு வீம்பு. இனிமே ஞாயித்துக்கிழமையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது"ன்னு எல்லார் முன்னாலயும் கத்தினாரு. மருமகள்தான் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க.

இதுல நான் எங்க வர்றேன், சொல்லுங்க. உடம்புக்கு முடியலைன்னு அவங்களே சொல்றாங்க. அது மட்டுமில்லை, நான்தான் எடுக்கிறேன்னு தெரிஞ்சதும் அவங்களுக்கு ஒரு நிம்மதி வந்திருக்கும். எப்படியும் நல்லா எடுத்துக் காட்டுவா, வீட்டுல இருந்தே பாத்துக்கலாம்னு நினைச்சிருப்பாங்க. அப்படித்தானே இருக்கும்? இல்லையாக்கா? ஏன்க்கா, ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

நான் வேண்டாம்னு அவங்களுக்குத் தோணியிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் போயிருப்பேன். இல்லை, அவங்களை மட்டும் விட்டுட்டு எடுத்திருப்பேன். மனசுல இருக்கிறதை வாய் விட்டுச் சொன்னாத்தானே தெரியும்.

குத்தும்போது குழந்தை வீறிட்டு அழுதுச்சு. எல்லாக் குழந்தையும் அழும். இது அழுதுக்கிட்டே கார் வர்ற பாதையைப் பாத்து, "ஆச்சி, ஆச்சி"ன்னு கையை நீட்டுச்சு. மாமன் முகத்தைத் திருப்பப் பாக்குறாரு, திரும்ப மாட்டேங்குது. மரத்துக்கு ஊடால வெயிலு. மொட்டைத் தலையில சந்தனம். அந்தக் கண்ணு ரெண்டும் ஆள் இல்லாத பாதையிலயே நிக்குது. பக்கத்துல போய் எடுத்தேன். கை ஆடவே இல்லை. ஒரு வருஷமா எடுத்ததுல இப்படி ஒண்ணு அமைஞ்சதே இல்லைக்கா. அதைத்தான் ரஹ்மத்துக்கு அனுப்பினேன். அவ பாராட்டுவான்னு நினைச்சேன். அதுக்குத்தான் அந்தப் பதில்.

எனக்கு அலுத்துப் போச்சு. நல்லது பண்ணினாலும் பேச்சு, பண்ணாட்டியும் பேச்சு. இதோட இந்தத் தொடர், கேமரா எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சுட்டு ஏதாவது பரீட்சை எழுதப் போறேன். அம்மாவும் அதைத்தான் சொல்றாங்க.

எங்கயா? இல்லைக்கா, நான் ஜங்ஷன் வரைக்கும் வரலை. இங்கதான் இறங்கணும், வீரவநல்லூர்ல. வடிவம்மாவைப் பாத்துட்டுப் போயிடலாம்னு. பேத்தி அவங்களைத் தேடி அழுததை அவங்க பாக்க வேண்டாமா? போன்ல போட்டு அவங்க கையில குடுத்துடுவேன், கேமரா பாட்டுக்கு ஓடட்டும். வர்றேன்னு முன்கூட்டிச் சொல்லலை. சொன்னா பட்டுச்சேலை கட்டி உக்காந்துடுவாங்க. அவங்க இதைப் பாக்கும்போது அவங்க முகம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அந்த முகம் மட்டும் ஒண்ணு கிடைச்சுட்டாப் போதும். தொடரை அதோட முடிச்சுக்கலாம். அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, ஆள் இறங்கணும்.